ஆய்வுக்கூடத்தின் மூப்பர்கள்

அறிவியல் பணியிடங்களில் நடக்கும் பாலியல் தொல்லையின் காரணங்களையும் தடுக்கும் வழிகளையும் ஆராய்வதற்கு, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி வழங்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் அந்நாட்டில் சட்டம் வந்தது. ‘குற்றவாளியைத் தண்டிப்பதை விட்டுவிட்டு, இதற்கும் ஓர் ஆராய்ச்சியா?’ என்று நம்மில் சிலர் கேட்கலாம்.

தண்டிப்பதற்கான விதிகள் அங்கே ஏற்கனவே இருக்கின்றன. புகார் அலுவலகமும் பயிற்சி வகுப்பும் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடுகளால் தொல்லை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்று இல்லை என்று, அந்நாட்டின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. மிகுதியாக நடப்பது தொடுதலோ வற்புறுத்தலோ அன்று, ‘பெண்ணுக்கு இங்கே என்ன வேலை’ என்ற ஏளனமே என்றும் அது எடுத்துரைத்தது. ஏளனத்தைச் சிரித்துக் கடந்துவிடும் இடத்தில்தான் மற்றவையும் துணிந்து நடக்கின்றன.

முனைவர் பட்ட மாணவி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். உதவித்தொகை, ஆய்வேட்டில் கையொப்பம், நாளை வேலைக்குத் தேவையான பரிந்துரைக் கடிதம் எல்லாம் நெறியாளர் ஒருவரின் கையில். அவர்மீது புகார் கொடுப்பது தன் ஐந்தாறு ஆண்டு உழைப்பைத் தானே பணயம் வைப்பதாகும். களப்பணி என்றால் ஊரைவிட்டு வெகு தொலைவில், கூடாரத்தில். களப்பணி அறிவியலாளர்கள் 666 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், 64 விழுக்காட்டினர் தாங்கள் தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர்.

தவக்காலத்தில் நாம் வாசிக்கக் கேட்கும் சூசன்னாவுக்கும் இதுவே நேர்ந்தது. அவரைக் குற்றஞ்சாட்டியவர்கள் தெருப்போக்கர்கள் அல்லர், மூப்பர்கள், நடுவர்கள். அதனாலேயே சபை அவர்களை நம்பியது. இளைஞர் தானியேல் அங்கே செய்தது என்ன? இருவரையும் தனித்தனியே பிரித்துக் கேள்வி கேட்டார். உண்மை வெளிப்பட்டது.

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் மறைக்க முடியாது. சிறார்மீது குருக்கள் புரிந்த கொடுமைகள் 2002-இல் பெருமளவில் வெளிவந்தபின், அமெரிக்க ஆயர்கள் ஜான் ஜே குற்றவியல் கல்லூரியிடம் ஆய்வை ஒப்படைத்தார்கள். 1950 முதல் 2002 வரை 4,392 திருநிலையினர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன என்று 2004-இல் அந்த ஆய்வு காட்டியது. ‘எங்கோ ஒரு சிலர்’ என்று சொல்லித் தப்பும் வழி அன்றோடு அடைபட்டது. அந்தக் கணக்கு எடுக்கப்படாமல் இருந்திருந்தால் பிந்தைய சீர்திருத்தங்களுக்கு அடித்தளம் ஏது? அதை இன்னும் முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும் என்பதே நம் வருத்தம்.

அமெரிக்கச் சட்டம் தந்தது அனுமதி மட்டுமே. பணத்தை ஆண்டுதோறும் காங்கிரஸ் அவை ஒதுக்க வேண்டும். அதற்கிடையே 2025-இல் அதே அறக்கட்டளையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு மானியங்கள் நடுவழியில் நிறுத்தப்பட்டன. அறிவியலில் பெண்கள், சிறுபான்மையினரின் பங்கேற்பு பற்றியவை அவற்றில் பல.

நம் பங்குகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் அந்த ஆய்வுக்கூடங்களுக்குச் செல்கிறார்கள். படிப்பு நின்றால் அவர்களுடைய விசாவும் நிலைக்காது. இரவில் தொலைபேசியில் அழைத்து, ‘இங்கே எனக்குச் சரிப்படவில்லை அம்மா’ என்று மகள் சொன்னால், ‘இன்னும் ஒரு வருடம்தானே, பொறுத்துக்கொள்’ என்பதே பல வீடுகளில் நாம் கொடுக்கும் பதில்.