இடுப்பில் கட்டிய உரப்பை: படங்குக்குள் வேகும் உடல்கள்

பொகவந்தலாவையில் அன்று காலை மழை விட்டிருந்தது. கொழுந்து மலைக்கு ஏறிய பெண்களோடு நானும் நடந்தேன். லயத்து வாசலிலேயே எல்லோரும் படங்கு கட்டிவிட்டார்கள். சிலருடையது கடையில் வாங்கிய ரெக்சின் துண்டு. சிலருடையது உரம் வந்த பையைப் பிரித்துத் தைத்தது. பாவாடைக்கு மேல் இடுப்பைச் சுற்றி, கணுக்கால் வரை இறக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பனியும் மழையும் தங்கிய செடிகளுக்குள் நிற்க அது இல்லாமல் முடியாது.

பத்து மணிக்கு வெயில் வந்தது. மலையிலிருந்து ஆவி எழும்பியது. என் பக்கத்து நிரையில் நின்ற அக்காவிடம், "இதுக்குள்ள புழுங்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"கட்டுனா வேர்வையில நனையிறோம், கட்டாட்டி பனியில நனையிறோம். எப்படியும் நனையிறதுதான் புள்ள" என்றார், கை நிற்காமல்.

மலையகம் குளிர்ப் பிரதேசம், அங்கே உடல் புழுங்குவது ஒரு பிரச்சினையா என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். பொகவந்தலாவையில் பகல் வெப்பம் கொழும்பை விடக் குறைவுதான். ஆனால் முதுகில் கொழுந்துப் பாரத்தோடு சரிவில் ஏறி இறங்கும் உடல், தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் போதாது, ஆவியாக வேண்டும். அப்போதுதான் அது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தென்மேல் பருவமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால், வியர்வை ஆவியாவது ஏற்கெனவே மெதுவாகிறது. அதற்கு மேல் காற்றுப் புகாத ஒரு சுவரை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எழுப்பிவிடுகிறோம்.

செயற்கை இழை என்பதால்தான் இந்த அவதி என்று சொல்லிவிட முடியாது. கம்பளி இழை சாதாரண நிலையில் தன் எடையில் சுமார் 16 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தி 8 சதவீதம் அளவு. பொலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. உரப்பை நெய்யப்படும் பொலிப்ரொபிலீன் ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை எனலாம். ஆனால் உறிஞ்சாத இழையும், காற்றோட்டம் இருக்குமாறு நெய்தால், சீக்கிரம் உலர்ந்து உடம்புக்கு இதமாக இருக்கும். விளையாட்டு வீரர்கள் அணிவது அதைத்தான். சிக்கல், இழைக்கு மேல் பூசப்படும் பிளாஸ்டிக் படலத்திலும் பைக்குள் இருக்கும் பொலித்தீன் உறையிலும் இருக்கிறது. வெளியிலிருந்து தண்ணீரை விடாத அந்தப் படலம், உள்ளேயிருந்து ஆவியையும் விடாது.

இந்த மலைகளுக்குப் பெயர் வைத்தவர்களின் நாட்டிலும் இடுப்பைச் சுற்றிக் கட்டும் உடை உண்டு. பொகவந்தலாவையின் கெர்கஸ்வோல்ட் தோட்டத்தின் பெயர், ஸ்கொட்லாந்தின் ஏர்ஷயரில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். அந்த நாட்டு ஆண்கள் அணியும் கில்ட், மழைக்கும் குளிருக்கும் ஏற்றவாறு கம்பளியால் நெய்தது. இப்போது வெப்ப நாடுகளில் அதைச் செயற்கை இழைக் கலப்பில் தைத்து அணிகிறார்கள். துணி உறிஞ்சாவிட்டாலும் அதைத் தாங்கிக்கொள்ள முடிவதற்கு ஒரு காரணம் அதன் அமைப்பு. முழங்காலோடு நின்றுவிடும், கீழே திறந்திருக்கும், நடக்க நடக்க மடிப்புகள் காற்றை உள்ளே இழுக்கும். படங்கும் இடுப்பைச் சுற்றிய உடைதான். ஆனால் மடிப்பில்லை, திறப்பில்லை, உள்ளே இன்னொரு துணி வேறு.

இங்கே வந்த தொழிலாளர்களுக்கு ஆரம்பத்தில் கிடைத்ததும் கம்பளிதான். கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டங்கள் கம்பளி கொடுத்தன. அதன் விலை பெரும்பாலும் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறியது. பிறகு சணல் சாக்கு வந்தது, அதன் பின் பிளாஸ்டிக். பொருள் மாறியது, விலையைத் தொழிலாளி சுமப்பது மாறவில்லை. படங்கு வழங்கும் தோட்டங்களும் உண்டு. ஆனால் நான் பேசிய பெண்கள் எல்லோரும் தங்கள் காசில் வாங்கியவர்கள், அல்லது பை தேடித் தைத்தவர்கள்.

வெளியே சொல்லத் தயங்கும் விஷயங்களையும் சொன்னார்கள். நாள் முழுதும் ஈரத்தில் இருக்கும் தொடையிடுக்கில் அரிப்பு. மாதவிடாய் நாட்களில் அது இரண்டு மடங்கு. மலையில் கழிப்பறை இல்லை. படங்கை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதும் ஒரு வேலை. "தண்ணி குடிச்சா போகணும், அதனால குடிக்கிறதில்ல" என்றார் ஓர் இளம் தாய். வியர்த்துக் கொட்டும் உடம்புக்குத் தண்ணீரும் இல்லை என்றால் அது அசௌகரியம் என்ற சொல்லுக்குள் அடங்குமா?

இதே நாடு ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கும் அதிகமான ஆடைகளை ஏற்றுமதி செய்கிறது. வியர்வையை வெளியே கடத்தும் விளையாட்டு உடைகளை உலக நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கிறது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் அவற்றைத் தைக்கும் கைகளில் மலையகப் பெண்களின் கைகளும் உண்டு. மகள் தைக்கும் துணி எங்கோ ஓடுகிறவரின் உடம்பை உலர வைக்கிறது. தாய் உரப்பையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள்.

தீர்வுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஆவியை விட்டு நீரைத் தடுக்கும் விலையுயர்ந்த படலங்கள் இருக்கின்றன. ஆனால் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அவையும் மந்தமாகிவிடும். இங்கே தேவை ஒரு நல்ல வெட்டு. செடி உரசுவது பெரும்பாலும் முன்புறத்திலும் பக்கங்களிலும். அங்கே மட்டும் நீர்புகாத் துணி போதும். பின்புறம் திறந்த மடிப்பாக, உட்புறம் உடம்பில் ஒட்டாத வலைத்துணியாக, கயிற்றுக்குப் பதில் ஒரு கையால் கழற்றக்கூடிய கொளுக்கியோடு இருக்கலாம். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் தலவாக்கலையில்தான் இருக்கிறது. செடிக்கு ஆராய்ச்சி செய்பவர்கள், செடிக்கு நடுவில் நிற்பவளின் உடைக்கும் கொஞ்சம் செய்யலாம்.

அதை விட முக்கியம், படங்கு வேலைக் கருவி என்று ஒப்புக்கொள்வது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கொழுந்து அரைபடும் தொழிற்சாலைக்குள் இருப்பவரின் பாதுகாப்பைப் பேசுகிறது. அந்தக் கொழுந்து பறிக்கப்படும் மலை அதன் எல்லைக்கு வெளியே. 2021இல் 1,000 ரூபாவிலும் 2024இல் 1,350 ரூபாவிலும் முடிந்த சம்பளப் போராட்டங்கள் நியாயமானவை. ஆனால் அந்தச் சம்பளத்திலிருந்தே படங்கு வாங்க வேண்டுமென்றால், உயர்வில் ஒரு துண்டு மழைக்குப் போகிறது. ஆண்டுக்கு இரண்டு படங்கு, தோட்டத்தின் செலவில் என்ற ஒரு வரியைத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் எழுதி வைக்கலாம்.

பகல் நிறுவைக்கு இறங்கியபோது அந்த அக்கா படங்கை அவிழ்த்து உதறினார். உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அது மழைத் தண்ணீர் இல்லை.