முன்வரிசை நாற்காலி



யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், இவர் நம் ஊர் ஆராதனைக்கு வந்துபோயிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். கூட்டத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் விரலில் தங்க மோதிரம், உடம்பில் பளபளப்பான உடை. இன்னொருவருக்கு அழுக்குத் துணி. மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. மற்றவர் நிற்கலாம், முடியாவிட்டால் கால்மாட்டில் உட்காரலாம். யாரும் அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. இடம் காட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் இடம் காட்டும்போதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது என்கிறார் யாக்கோபு.

நம் ஆலயங்களிலும் முன்வரிசையில் உறை போட்ட நாற்காலிகள் சில உண்டு. காரிலிருந்து இறங்குகிறவரை அழைத்துவர ஒரு மூப்பர் வாசலுக்கே எழுந்து போவார். கைலியோடு வந்தவர் செருப்பு விடும் இடத்தருகே நின்றபடியே ஆராதனையை முடித்துக்கொண்டு கிளம்புவார். அவர் பேரைக் கேட்கக்கூட ஆள் இருக்காது. காணிக்கைப் பை மட்டும் தவறாமல் அவரைத் தேடிப் போகும்!

சில சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. பொட்டும் பூவும் கழுத்துச் சங்கிலியுமாக ஒரு பெண் முதல்முறை வருகிறார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வந்து ஜெபித்துக்கொள் என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டிருப்பார். அவர் பாயில் உட்காருவதற்குள் பல கண்கள் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிடும். நகையைக் கழற்றுவதும் வெள்ளை உடுத்துவதும் ஒருவர் தன் விசுவாசத்தினால் எடுக்கும் தீர்மானம், அதை மதிக்கிறேன். அதையே அடுத்தவரை அளக்கும் கோலாக்கினால், மோதிரக்காரருக்கு நாற்காலி போட்டவர்களைவிட நாம் எந்த விதத்தில் மேல்?

முகம் பார்த்து இடம் கொடுக்கும் பழக்கம் முற்றினால் சுவராகவே எழும்பிவிடும். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் எழும்பிய திருக்குடும்ப ஆலயம் அப்படிப்பட்டது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்கள் பிரிந்தன, சாதி பார்த்து உட்கார. பீடம் எல்லோருக்கும் தெரியும், இந்தப் பக்கத்தாருக்கு அந்தப் பக்கத்தார் தெரியமாட்டார்கள். எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! 1910-ல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது, எங்கள் உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள்.

இதில் பெரியவர்களும் தப்பவில்லை. ராஜாவாகிய சவுல் ஜனங்கள் எல்லோரையும்விட உயரமானவர். அந்த உயரத்தை நம்பியது எங்கே கொண்டுபோய்விட்டது என்று, அவரை அபிஷேகம் செய்த தீர்க்கதரிசி சாமுவேலைவிட நன்றாக அறிந்தவர் யார்? அப்படியிருந்தும் அடுத்த ராஜாவைத் தேடிப்போன ஈசாயின் வீட்டில் மூத்தவன் எலியாப் வந்து நின்றதும், இவனேதான் என்று நினைத்துவிட்டார். அத்தனை அனுபவமும் அவர் கண்ணைத் திருத்தவில்லை. கர்த்தர் தடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஏழு பிள்ளைகளும் கடந்துபோன பிறகு, ஆடு மேய்க்கப் போன கடைக்குட்டி வந்து சேரும்வரை பந்தியில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெற்ற தகப்பனே கூப்பிட மறந்த பிள்ளைக்காக ஊருக்கு வந்த தீர்க்கதரிசி காத்திருந்தார்.

உறை போட்ட நாற்காலிகளை எடுத்துவிட்ட சபை ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? எழுதுங்கள். எடுத்த அன்று என்ன சண்டை வந்தது, யார் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். சபையின் பெயரைப் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்