ஓட்டிப் பார்ப்பது சோதனையாகுமா?

அணியிலக்கணம் பயின்றார் நிரனிறை என்பதை அறிவர். பெயர்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றிற்குரிய வினைகளையும் அவ்வரிசையிலேயே நிறுத்திப் பொருள்கொள்ளும் முறை அது. வரிசை பிறழின் பொருளும் பிறழும். மும்முனை மின்சாரத்திற்கும் இத்தகையதொரு வரிசை உண்டு. அது பிறழின் நேர்வது பொருள் மயக்கமன்று. பொருட்சேதமும், சிலபோது உயிர்ச்சேதமுமாம்.

1891-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து லாஃபன் என்னும் ஊரிலிருந்து பிராங்க்பர்ட் நகருக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரம் செலுத்தப்பட்டது. அதன் பெருமையை உலகம் அன்று கண்டது. இதன் மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தம் ஒருங்கே உச்சமடைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடைகின்றது. அவ்வரிசையே மோட்டார் சுழலும் திசையை வரையறுக்கின்றது. யாதேனும் இரு கம்பிகள் தம்முள் இடம் மாறின், மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும்.

"ஒரு நொடி ஓட்டிப் பார்த்தால் திசை விளங்கிவிடுமே, வரிசை காட்டும் கருவி எதற்கு?" என்பர் சிலர். இக்கூற்று ஏற்புடைத்தன்று. திருகு வகைக் காற்றழுத்தி சில நொடிகளே எதிர்த்திசையில் ஓடினும் பழுதுறக்கூடும். ஆழ்துளைக் கிணற்றினுள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டாரின் சுழற்சியையோ கண்ணாற் காண்டல் இயலாது. அது எதிர்த்திசையிற் சுழலினும் சிறிது நீர் மேலே வரும். உழவர் கிணறு வற்றியதென மயங்கி வருந்துவர். ஆதலின், மோட்டாரை முதன்முதல் இறக்கும்போதே, மிகுந்த நீர் தரும் வரிசை எதுவெனக் கண்டு குறித்துவைத்தல் வேண்டும். மின்மாற்றியிலோ கம்பியிலோ பழுது பார்த்தபின், ஓட்டுவதற்கு முன்னரே அவ்வரிசை மாறவில்லையெனக் கருவியாற் காண்டல் வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் நிறங்களும் முடிந்த சான்றாகா. அவை மனிதர் இட்ட அடையாளமேயன்றி மின்சாரத்தின் இயல்பல்ல.

கருவி கையில் இருந்தாலும் முறை தவறின் ஆபத்தே. 415 வோல்ட் அழுத்தமுள்ள முனைகளில் வெறுங்கையோடு கருவியை மாட்டுதல் துணிவன்று, பேதைமை. முதலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்க. மின்சோதனைக் கருவி பழுதற்றதென, மின்சாரம் உள்ள வேறோரிடத்தில் அறிந்துகொண்டு, பின் மூன்று முனைகளும் மின்சாரமற்றன எனத் தெளிக. அதன்பின் வரிசை காட்டும் கருவியின் பிடிகளை மாட்டி, விலகி நின்று, மோட்டார் ஓடாதபடி மின்சாரத்தை விடுத்துக் குறிப்பைக் காண்க. மீண்டும் துண்டித்துப் பூட்டிச் சோதித்த பின்னரே பிடிகளைக் கழற்றுக. வரிசை பிழையாயின், ஸ்டார்ட்டருக்கு வரும் கம்பிகளுள் இரண்டை அந்நிலையிலேயே மாற்றுக. கருவி வரிசையை மட்டுமே உரைக்கும். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

இவையனைத்திற்கும் வேண்டுவது சிறிது நேரம். அந்நேரத்தை மறுப்பவர் பெரும்பாலும் வேலை செய்பவர் அல்லர். "விரைவில் ஓட்டு" என்று ஏவும் முதலாளியே. ஏவுபவர் கை கம்பியைத் தீண்டுவதில்லை. தீண்டுவது கூலிக்கு வந்தவர் கை. ஆகவே கருவியும் பூட்டும் போதிய நேரமும் அளித்தல் தொழிலாளிக்குக் காட்டும் தயவன்று, முதலாளியின் கடமை என்பதே எம் கருத்து.

நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை பள்ளிகளையும் ஆலைகளையும் பண்ணைகளையும் நடத்துவோர் ஆவோம். அந்நாளில் மின்வேலை செய்வாரை நோக்கி, "ஏன் தாமதம்?" என்று வினவுமுன், "சோதித்தாயிற்றா?" என்று வினவக் கற்போமாக.