பெயரற்றுப் போகும் துணி

கோவை மாவட்டம் சூலூர் வட்டத்திலுள்ள சோமனூரின் பெயரை எங்கே காணலாம்? அவ்வூர்த் தறியில் நெய்த துணியின் ஓரத்தில் காண்பதரிது. அத்துணி விலைக்கு வரும் கடையிலும் காண்பதரிது. நெசவுக்கூலி உடன்படிக்கையில் காணலாம். 2021 நவம்பரில் விசைத்தறிக் கூலி பேசப்பெற்றபோது, சோமனூர் இரகத்துக்கு 23 விழுக்காடும் பல்லடம் இரகத்துக்கு 20 விழுக்காடும் உயர்வென அறிவிக்கப்பெற்றது. அறிவித்த உயர்வு கைக்கு வாராமற் போகவே, 2022 சனவரியில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தறிகள் வாரக்கணக்கில் ஓசையடங்கிக் கிடந்தன. ஒரு துணிவகையே ஓர் ஊரின் பெயரால் வழங்குகின்றது. ஆயினும் அப்பெயர் கூலி கணக்கிடுதற்குப் பயன்படுகின்றதேயன்றி விலை சொல்லுதற்குப் பயன்படவில்லை.

காரணம், தொழில் நடக்கும் முறையிலேயே உள்ளது. அங்குத் தறியுடையார் பலரும் கூலிக்கு நெய்பவர். பாவும் ஊடைநூலும் துணி வணிகர் தருவர். தறியும் கொட்டகையும் உழைப்பும் நெசவாளருடையன. நெய்த காடாத்துணி, நூல் தந்தவரிடமே திரும்பும். பின்னர் வெளுப்பும் சாயமும் அச்சும் ஏறி, வேறோர் ஊரில் வேறொருவர் பெயரைச் சூடிக்கொள்ளும். அண்மையிலுள்ள திருப்பூரின் ஏற்றுமதிப் பனியன் கதையும் ஏறத்தாழ இதுவே. கழுத்துப் பட்டையில் மேலைநாட்டுக் குழுமத்தின் பெயரை வைத்துத் தைப்பவை இவ்வூர்க் கைகளே! கூலி ஒருமுறை கிடைப்பது. பெயரோ விற்குந்தொறும் ஈட்டுவது.

இதனை வெள்ளையன் நன்கறிந்திருந்தான். மான்செசுட்டரிலிருந்து இங்கு வந்திறங்கிய துணிகளில் இந்நாட்டுக் கடவுளர், யானை, புலி முதலிய வண்ணப்படங்கள் ஒட்டப்பெற்றிருந்தன. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சென்றனர். துணி அவனுடையது, படத்திலிருந்த தெய்வம் வாங்கியவருடையது. அவை வெறும் அழகுக்கு ஒட்டியவை அல்ல. இன்னாருடைய சரக்கு இது என்று காட்டிய வணிகக் குறிகள். பருத்தித் துணிக்குரிய குறிகளைப் பதிவதற்கென்றே மான்செசுட்டரில் தனிப் பதிவகமும் இருந்தது. இந்நாட்டிலோ வணிகக் குறிகளைப் பதிவதற்குரிய சட்டம் 1940-இல்தான் வந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1999-இல் இயற்றி 2003-இல் செயலுக்கு வந்த சட்டமே இன்று நடப்பிலுள்ளது.

சோமனூரில் நான்கு தறி வைத்திருப்பவர் ஒருவர், தாமே நூல் வாங்கித் துண்டும் போர்வையும் நெய்து தம் பெயரில் விற்க முனைகின்றார் என்க. முதற்சரக்கு ஊரைத் தாண்டுமுன் அவர் செய்யத்தக்கது, பெயரைக் காத்துக்கொள்வதே. வழங்கிவரும் குறியையேயன்றி, இனி வழங்கக் கருதியுள்ள குறியையும் பதிவதற்குச் சட்டம் இடந்தருகின்றது. துண்டும் போர்வையும் 24-ஆம் வகுப்பு. சட்டையும் பனியனும் 25-ஆம் வகுப்பு. வகுப்பு ஒவ்வொன்றுக்கும் தனியாளும் சிறுதொழில் செய்வோரும் இணையவழி செலுத்தவேண்டிய கட்டணம் உருபா 4,500, ஏனையோர்க்கு இருமடங்கு. பதிவகத்தார் ஆய்ந்து ஏற்றபின் குறியைத் தம் இதழில் வெளியிடுவர். நான்கு திங்களுக்குள் எவரும் எதிர்ப்புக் காட்டாவிடிற் பதிவு கிட்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால் பேரன் காலத்திலும் அப்பெயர் குடும்பத்தின் சொத்தாகவே நிற்கும். ஆயின், பதிந்துவிட்டு ஐந்தாண்டுக்கு மேல் வழங்காது கிடப்பின், பிறர் கேட்டு நீக்கச் செய்யலாம். பதிவு கிட்டுமுன்பே வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்திட்டுக் கொள்வது சட்டத்துக்கு மாறானது.

எப்பெயரைத் தேர்வது? இங்கேதான் பலர் இடறுகின்றனர். சரக்கின் தன்மையையோ சிறப்பையோ பிறந்த ஊரையோ மட்டும் சொல்லும் சொல்லைச் சட்டம் எளிதில் ஒருவருக்கு உரிமையாக்காது. 'தூய பருத்தி' எல்லார்க்கும் பொது. 'சோமனூர்' என்னும் தனிச்சொல்லும் அவ்வூரார் அனைவர்க்கும் பொது. ஊர்ப்பெயரைக் காத்தற்குப் புவிசார் குறியீட்டுச் சட்டம் தனியே உண்டு; காஞ்சிபுரம் பட்டும் பவானிச் சமுக்காளமும் அதன்வழி காப்புப் பெற்றவை. வணிகக் குறியாக வலுப்பெறுவது, சரக்கோடு தொடர்பில்லாத சொல்லே. 'சூப்பர்', 'ராயல்' என்று ஆங்கிலப் புகழ்ச்சிச் சொற்களைத் தேடி ஓடுவோர், ஆயிரம் பேர் ஏறி நிற்கும் திண்ணையில் இடம்பிடிக்கப் பார்க்கின்றனர். பூவும் புள்ளும் மலையும் மழையும் பற்றித் தமிழிலுள்ள பெயர்களோ அள்ளக் குறையாதவை. ஆங்கிலப் பெயரிட்டால்தான் துணி விலைபோகும் என்பது மயக்கம். அம்மயக்கம் வணிகத்துக்கும் கேடு.

திருநெல்வேலி இருட்டுக்கடையே இதற்குச் சான்று. விளக்கொளி மங்கிய கடை என்பதால் மக்கள் வாயில் பிறந்த அப்பெயர், எவரும் காசு கொடுத்து ஆக்குவித்ததன்று. அத்தமிழ்ச் சொல்லுக்காக எழுந்த வழக்கு தில்லி வரை சென்றது. பெயரை முன்பே வழங்கிவந்தவரின் உரிமை, பின்னர்ப் பதிந்தவரின் உரிமையினும் மேலானது என்று 2015-இல் இந்திய உச்ச முறைமன்றம் தீர்த்தது. முன்பே வழங்கினோம், ஆகலின் பதிவு வேண்டா என்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. முன்வழக்கை மெய்ப்பிக்க அக்கடையார் மன்றப் படிகள் பல ஏறவேண்டியிருந்தது. நேற்றுத் தொடங்கிய தறிக்காரரிடம் காட்டுதற்கு நூறாண்டுப் புகழும் இல்லை. வழக்காடப் பணமும் இல்லை. 4,500 உருபாப் பதிவே அவருக்குரிய வேலி.

அவ்வேலியின் வாயிலில் நிற்பதோ வேற்றுமொழி. 2017-ஆம் ஆண்டு வணிகக் குறி விதிகளின்படி, விண்ணப்பமும் பிற தாள்களும் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருத்தல் வேண்டும். குறி தமிழெழுத்தில் இருப்பின், ஒவ்வொரு சொல்லுக்கும் அவ்விரு மொழியுள் ஒன்றில் ஒலிபெயர்ப்பும் பொருளும் எழுதித் தருதல் வேண்டும். 'யாழ்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவாறு எழுதுவார். மற்றொருவர் வேறாக எழுதுவார். சிறப்பு ழகரத்துக்கு அவ்வெழுத்தில் இடமில்லை. ஆகலின் தம் பெயரை முன்பே எவரேனும் பதிந்துள்ளனரா என்று தேடுவோர், எழுதக்கூடிய எல்லா முறையிலும் தேடிப் பார்த்தல் நன்று. ஒன்றை விட்டாலும் பின்னர் எதிர்ப்பு வந்து நிற்கும்.

சென்னைப் பதிவகத்தின் எல்லைக்குள் தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம், தெலுங்கானா, புதுச்சேரி, இலக்கத்தீவு ஆகியன அடங்கும். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு பேசும் வணிகர் அனைவர்க்கும் உரிய அப்பதிவகத்தில் இந்நான்கனுள் ஒன்றேனும் செல்லாது. இப்பகுதிகளுள் எதற்கும் ஊர்மொழியல்லாத இந்தி செல்லும்! தறியோசைக்கிடையே நாள் முழுதும் நிற்பவர் தம் சொத்துக்குத் தாமே விண்ணப்பம் எழுத இயலாமல், இடையாளுக்குக் கூலி கொடுத்து எழுதுவிக்கின்றார். அவ்விடையாள் பொருளைப் பிழைபட எழுதினும் இவர் அறியார்.

இத்தடையை நீக்கப் பாராளுமன்றம் புதுச்சட்டம் இயற்ற வேண்டுவதில்லை. தடை இருப்பது விதியில். விதியை மாற்றும் உரிமை நடுவணரசின் கையில். கூலிப் பேச்சுக்குத் திரளும் விசைத்தறியாளர் அமைப்புகள் இவ்வேண்டுகோளையும் எழுத்தில் தரலாம். தமிழக அரசும் அதனைத் தில்லிக்குக் கொண்டுசெல்லலாம். இந்தி, ஆங்கிலம் என்னும் அவ்வரையறையிலிருந்து குறிக்கு மட்டும் அதே விதி விலக்களித்துள்ளது. ஆகலின் இன்று விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்ப நேரினும், குறியைத் தமிழெழுத்திலேயே பதிவதற்குத் தடையேதும் இல்லை.