மூடியைத் திறக்காமல் இட்ட கையெழுத்து

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்படுகிறது என்பதால், ஒரு லிட்டர் பெட்ரோல் செலவாகும்போது சுமார் 9,000 லிட்டர் காற்று எஞ்சினுக்குள் போய் வெளியேறுகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் ஓர் ஆண்டில் 10,000 கிலோமீட்டர் ஓடினால், உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர். அந்தக் காற்றோடு வரும் சாலைப் புழுதியை எஞ்சினின் வாசலில் தடுத்து நிறுத்துவது ஏர் ஃபில்டர் எனப்படும் காற்று வடிகட்டி ஒன்றுதான். நெருக்கமாக மடித்து வைக்கப்பட்ட தனிவகைக் காகிதமும் அதைச் சுற்றி ரப்பர் போன்ற விளிம்பும் கொண்ட இந்தப் பொருள், சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பானெட்டுக்குக் கீழே ஏர் பாக்ஸ் என்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள், சில கிளிப்புகளோ திருகுகளோ பிடித்திருக்கும் மூடிக்கு அடியில் அது இருக்கிறது. அந்த மூடியைத் தற்செயலாகத் திறந்த உரிமையாளர் உள்ளே ஃபில்டரே இல்லாததைக் கண்டு திகைப்பதும், காரைத் தொடர்ந்து பராமரித்து வந்த டீலரின் சர்வீஸ் சென்டர் அதற்கொரு விளக்கம் சொல்வதும், அந்த விளக்கம் மனத்துக்கு ஒட்டாமல் நிற்பதும் சிறிய விஷயமாகத் தோன்றினாலும், பராமரிப்புச் சேவை எந்த அடிப்படையில் விற்கப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பழுது வேறொன்று இல்லை.

இந்தப் பழுதின் தனித்தன்மை அதன் மௌனம். பிரேக் பேடு தேய்ந்தால் கிரீச்சிடும். ஆயில் ஃபில்டர் இல்லாவிட்டால் ஆயில் தரையில் கொட்டும். ஆனால் ஏர் ஃபில்டர் இல்லாத கார் வழக்கம்போலவே புறப்படும், ஓடும், மலையும் ஏறும். ஃபில்டர் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் எதுவும் சாதாரணக் கார்களில் கிடையாது. உள்ளே வரும் காற்றின் அளவை மட்டும் அறிந்து அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிப்பதுதான் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிந்த வேலை என்பதால், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமலே மாதங்கள் கடந்துவிடலாம். காற்றை உறிஞ்சும் ஓசை சற்றுக் கூடுவதைக் கூர்ந்த காது கண்டுபிடிக்கக்கூடும். தடை குறைந்ததால் இழுவை நன்றாகிவிட்டதாகக்கூட ஒருவருக்குத் தோன்றலாம்.

உள்ளே நடப்பது வேறு. சாலைப் புழுதியில் பெரும்பங்கு வகிக்கும் குவார்ட்ஸ் மணல்துகள், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7 என்ற இடத்தில் இருப்பது. அது கண்ணாடியைக் கீறும், எஞ்சினுக்குள் இருக்கும் உலோகத்தையும் கீறும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் இடையே இரண்டையும் உரசாமல் காப்பது சில மைக்ரான் தடிமனே உள்ள ஆயில் படலம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தப் படலத்தின் தடிமனை ஒத்த துகள்கள் இடையில் சிக்கிக்கொண்டு, உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் மால்ட்டாவுக்கும் அனுப்பப்பட்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் மூக்குக்கு அடியில், வேகம் குறையும் என்று தெரிந்தும், வோக்ஸ் என்ற பருத்த ஃபில்டரைப் பிரிட்டிஷார் பொருத்தினார்கள். எதிரியைத் துரத்தும் வேகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாவது எஞ்சினைப் புழுதியிலிருந்து காக்க வேண்டியிருந்தது என்பதே ஃபில்டரின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது.

ஃபில்டர் காணாமல் போனது தெரிந்தவுடன் சொல்லப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கிவிடுகின்றன: கார் வரும்போதே இல்லாமல் வந்திருக்கும், முன்பு வைத்திருந்தவர் எடுத்திருப்பார், வெளி மெக்கானிக்கோ வாட்டர் வாஷ் கடைக்காரரோ கை வைத்திருப்பார்கள், எலி இழுத்துப் போயிருக்கும். இவற்றில் எதுவுமே நடக்க முடியாதது அல்ல. எலி ஏர் பாக்ஸில் கூடு கட்டுவதுகூட உண்மைதான். ஆனால் காற்று நுழையும் குழாய் வழியாக வரும் எலி காகிதத்தைக் கடித்துக் குதறித் துணுக்குகளையும் புழுக்கையையும் விட்டுச் செல்லுமே தவிர, ரப்பர் விளிம்போடு முழு ஃபில்டரையும் எடுத்துக்கொண்டு கிளிப்பைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகும் எலி இன்னும் பிறக்கவில்லை.

ஏர் பாக்ஸே ஓரளவுக்குச் சாட்சி சொல்லும். ஃபில்டர் இருக்கும்போது அந்தப் பெட்டி இரண்டு அறைகளாகப் பிரிகிறது. காற்று நுழையும் அறையில் சருகுத் துண்டுகள், செத்த ஈசல், மணல் எல்லாம் கிடப்பது இயல்பு. எஞ்சினை நோக்கிய மறு அறை துடைத்து வைத்த பாத்திரம்போல் இருக்க வேண்டும். அந்த மறு அறையின் உட்சுவரை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்து, அடுத்துள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தால், மெல்லிய தூசிப்பூச்சு மட்டும் ஒட்டினால் ஃபில்டர் போய் அதிக நாள் ஆகியிருக்காது என்றும், மடிப்புகளில் மண் படிந்து இறுகியிருந்தால் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்றும் ஊகிக்கலாம். இது ஊகம்தான், சாட்சியத்தின் தொடக்கம் மட்டுமே. இல்லாத பொருள் தான் போன தேதியை எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை என்பதுதான் இந்தச் சச்சரவின் அடிமூலம், மேலே சொன்ன எல்லா விளக்கங்களுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இழப்பு நேர்ந்த நாளை, கார் தங்கள் கையில் இல்லாத ஒரு நாளுக்கு நகர்த்துகின்றன.

தேதி எழுதியிருக்கும் இடம் காகிதம். சர்வீஸுக்கு விடும்போது திறக்கப்படும் ஜாப் கார்டு, அதாவது செய்ய வேண்டிய வேலைகளையும் அப்போதைய கிலோமீட்டர் அளவையும் குறிக்கும் பணிச்சீட்டும், அதோடு சேரும் பரிசோதனைப் பட்டியலும், இறுதியில் தரப்படும் பில்லும் ஒவ்வொரு முறையும் உருவாகின்றன. அந்தப் பட்டியலில் ஏர் ஃபில்டர் என்ற வரிக்கு எதிரே ‘சரி’ என்று டிக் அடிக்கப்பட்டிருந்தால், விளக்கத்தின் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. கார் வரும்போதே ஃபில்டர் இல்லை என்றால், டெலிவரிக்கு முன் செய்வதாகச் சொல்லப்படும் சோதனையும் அதன் பிறகு நடந்த ஒவ்வொரு சர்வீஸின் டிக்கும் பொய். முந்தைய உரிமையாளர் எடுத்தார் என்றால், கார் கைமாறிய பின் போடப்பட்ட டிக்குகள் பொய். வெளியாள் கை வைத்தார் என்றால், அதற்குப் பின் வந்த சர்வீஸில் அது ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற கேள்வி நிற்கிறது. எடுத்தது தாங்கள் அல்ல என்று நிறுவும் ஒவ்வொரு விளக்கமும், பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டவர்கள் தாங்கள் என்பதைச் சேர்த்தே நிறுவிவிடுகிறது. கடைசி சர்வீஸுக்குப் பிறகு வெளியாள் எவரேனும் எடுத்தார் என்ற ஒரே ஒரு விளக்கம் மட்டுமே இந்தப் பொறியில் சிக்காமல் தப்பக்கூடியது. அப்போதும் பெட்டியின் உட்சுவரில் படிந்துள்ள மண்ணின் அளவு அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

இதனால் சர்வீஸ் சென்டருக்குத் திருட்டுப் பட்டம் கட்டிவிட வேண்டும் என்பதில்லை. சில நூறு ரூபாய்ப் பழைய காகிதத்தை யாரும் திருடுவதில்லை. நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது மறதி. இந்திய சர்வீஸ் சென்டர்களில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் வெளியே எடுத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்து மீண்டும் வைப்பது வழக்கம். எடுத்தவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த காருக்குப் போக, இன்னொருவர் வந்து மூடியை மாட்டிவிடுவது எளிதில் நடக்கக்கூடியது. மனிதப் பிழைகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதற்கு ஓர் எளிய உவமை சொன்னார்: ஒரு போல்ட்டில் வரிசை எண்ணிட்ட 8 நட்டுகள் இருந்தால் அவற்றைக் கழற்றுவதற்கு ஒரே வழிதான் உண்டு, திரும்ப மாட்டுவதற்கோ 40,000க்கும் மேற்பட்ட வரிசைகள் உண்டு, அவற்றில் ஒன்று மட்டுமே சரி. கழற்றும்போது பொருளே அடுத்த படியைக் காட்டுகிறது. மாட்டும்போது அப்படிக் காட்டுவதற்கு எதுவும் இல்லை, விட்டுப்போன படி மூடிக்கு அடியில் மறைந்தும்விடுகிறது.

1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசாவ் நகருக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855ஆம் விமானத்தில் இதுதான் நடந்தது. ஆயிலில் உலோகத் துகள் சேர்கிறதா என்று காட்டும் சிறு கருவியை முந்தைய இரவு மூன்று எஞ்சின்களிலும் மாற்றிய பணியாளர்கள், ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களைப் பொருத்தவில்லை. புதிய வளையம் போட வேண்டும் என்று வேலை அட்டை சொல்லியிருந்தும், வழக்கமாக வளையம் மாட்டிய நிலையிலேயே கருவி கைக்கு வந்து பழகியிருந்ததால், அன்றும் அது இருக்கும் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆயில் கசிந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று எஞ்சின்களும் நின்றுபோயின. முதலில் நிறுத்தப்பட்ட எஞ்சினையே மீண்டும் இயக்கி விமானம் மயாமியில் இறங்கியதால் 172 பேரும் பிழைத்தார்கள். விசாரணை யார் திருடினார் என்று தேடவில்லை. அட்டையில் இருந்த கையெழுத்துக்கும் கை செய்த வேலைக்கும் இடையே எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்றே தேடியது. கார் சர்வீஸ் சென்டரிடம் எதிர்பார்க்கக்கூடியதும் இந்த விதமான தேடல்தான். மறதியை ஒப்புக்கொண்டால் அது மன்னிக்கத்தக்க பிழையாக இருந்திருக்கும், எலியின் மேல் பழி போடும்போதுதான் அது ஏமாற்றாக மாறுகிறது. புதிய ஃபில்டருக்குப் பில்லில் பணம் வாங்கிவிட்டுப் பெட்டி காலியாக இருக்கும் நேர்வு மட்டும் இந்தக் கரிசனத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கே ஒன்று பொருள் போடப்படாமலே விலை வாங்கப்பட்டது, அல்லது போட்டது எங்கே என்று அவர்களே சொல்ல வேண்டும்.

வாங்கும் முன்பே தரம் தெரியும் பொருள், பயன்படுத்திய பின் தரம் தெரியும் பொருள் என்று பிலிப் நெல்சன் 1970இல் பிரித்த பிரிவுகளோடு, 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பின்பும் தரம் தெரியாத, விற்பவரை நம்பி மட்டுமே வாங்கப்படும் நம்பிக்கைப் பண்டம். வண்டிப் பழுது நீக்கமும் மருத்துவ ஆலோசனையும் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள். ஏர் ஃபில்டர் இந்த வகைப்பாட்டுக்குள் அடங்காமல் முரண்டு பிடிப்பது கவனிக்கத்தக்கது. அது இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் படிப்போ கருவியோ வேண்டியதில்லை; பல கார்களில் இரண்டு நிமிடம் போதும். ஆயினும் யாரும் பார்ப்பதில்லை. ‘வெளியில் கை வைத்தால் வாரன்டி போய்விடும்’ என்று சர்வீஸ் அட்வைசர் விதைத்த அச்சம் மூடியின்மேல் பூட்டுப்போல் தொங்குகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. அந்த ஆணை மேல்முறையீடுகளுக்குள் போனது. அச்சம் மட்டும் சர்வீஸ் சென்டர் வரவேற்பறையிலேயே தங்கிவிட்டது.

சட்டம் உரிமையாளரைக் கைவிடவில்லை என்றாலும் முழுதாக அணைத்துக்கொள்ளவும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவைக் குறைபாட்டை வரையறுக்கும்போது கவனக்குறைவால் செய்ததையும் செய்யாமல் விட்டதையும், தெரிந்தே தகவலை மறைப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. ஆனால் நிரூபிப்பது எப்படி? லிவர்பூலில் கிடங்கு மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் ஒன்று தெருவில் போனவர் மேல் விழுந்த 1863ஆம் ஆண்டின் வழக்கில், பீப்பாய் விழுந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்று ஆங்கில நீதிமன்றம் கொண்டது. நிகழ்ச்சியே பேசும் என்ற இந்தக் கோட்பாடு, பொருள் எதிர்த்தரப்பின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டுமே செல்லும். பானெட்டோ பலர் கைபடும் இடம். ஆகவே காரை முதல் நாளிலிருந்து ஒரே சர்வீஸ் சென்டரில் மட்டும் விட்டு வந்தவருக்கு இந்த வாதம் வலுவாகவும், இடையில் இரண்டு முறை தெருமுனை மெக்கானிக்கிடம் போனவருக்கு நொய்ந்தும் இருக்கும். அவருக்கு உதவக்கூடியது வேறொரு கொள்கை: ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த உண்மையை நிரூபிக்கும் சுமை அவரையே சேரும் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 106ஆம் பிரிவில் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 109ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பணிமனைக்குள் எந்த டெக்னீஷியன் எந்த மணியில் மூடியைத் திறந்தார் என்பது வெளியே கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் காப்பி குடித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியவே முடியாது.

மிஞ்சுவது இழப்பை அளப்பது. புதிய ஃபில்டரை இலவசமாகப் போட்டுத் தருவது இழப்பீடு ஆகாது. ஏற்கெனவே உள்ளே போன மணல் செய்ததை அது திருப்பித் தருவதில்லை. எஞ்சின் ஆயிலில் ஒரு சிறு புட்டி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால், சிலிக்கான் அளவு கூடியிருப்பது புழுதி புகுந்ததையும், அதோடு இரும்பும் அலுமினியமும் கூடியிருப்பது தேய்மானம் தொடங்கிவிட்டதையும் காட்டும். அந்த ஆயிலை வடித்துவிட்டால் இந்தச் சான்றும் போய்விடும் என்பதால், ‘எதற்கும் ஆயிலையும் மாற்றித் தருகிறோம்’ என்ற அன்பான முன்மொழிவுக்கு உடனே தலையாட்டாமல் இருப்பது நல்லது. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் இன்றைக்குக் குறை தெரியாமல் போகலாம்; தேய்மானத்தின் விளைவு ஆயில் குறைவதாகவும் நீலப் புகையாகவும் வெளிப்படப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஆகக்கூடும். நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதற்கோ, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். புகை மூன்றாம் ஆண்டில் வந்தால் அந்த நாள் ஃபில்டர் இல்லாதது தெரிந்த நாளா, எஞ்சின் கெட்ட நாளா என்பதே தனி வழக்காகிவிடும் என்பதால், உரிமையாளர் சர்வீஸ் சென்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஃபில்டர் அல்ல, கடிதம்: இன்ன தேதியில், மீட்டரில் இத்தனை கிலோமீட்டர் காட்டியபோது ஏர் பாக்ஸ் காலியாக இருந்தது என்ற ஒப்புதலும், சிலிண்டர், பிஸ்டன், ரிங் ஆகியவற்றின் தேய்மானத்துக்கு இத்தனை ஆண்டு வரை பொறுப்பேற்கிறோம் என்ற உறுதியும், மேலாளரின் கையெழுத்தும் முத்திரையும் கொண்ட கடிதம்.