விதைநெல்லை விற்கலாமா?

சிந்துபாத் அடுத்து என்ன ஆனான்?

இதை அறியத் தமிழ்நாடே காத்திருந்தது. தினத்தந்தியில் 1960-களில் தொடங்கிய "கன்னித்தீவு" படக்கதைக்கு அப்படி ஒரு மவுசு! எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் அதை விடாமல் படித்தார்கள்.

அந்தக் காலத்தில் படக்கதை வெளியிட அச்சகம் வேண்டும். காகிதம் வேண்டும். பணம் போட முதலாளி வேண்டும். சிவகாசியில் 1972-ல் "முத்து காமிக்ஸ்" அப்படித்தான் பிறந்தது.

இன்று ஒரு செல்போன் போதும். தாளில் படம் வரையலாம். போட்டோ எடுத்து இணையத்தில் போடலாம். சங்ககிரியில் வரைந்த படத்தை, சிங்கப்பூரில் இருப்பவர் அடுத்த நிமிடமே பார்க்கலாம்.

சுமாரான படம்!

ஜப்பானில் "ஒன்" என்ற புனைபெயர் கொண்டவர், 2009-ல் இணையத்தில் ஒரு படக்கதை தொடங்கினார். "ஒன் பஞ்ச் மேன்" என்பது அதன் பெயர். ஒரே குத்தில் எதிரியைச் சாய்க்கும் வீரனின் கதை.

படங்கள் சுமார்தான். ஆனால் கதை பிடித்துக்கொண்டது! 2012-ல் யூசுகே முராதா என்ற கைதேர்ந்த ஓவியர், அதே கதையைப் புதிதாக வரையத் தொடங்கினார்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கதைக்கா பஞ்சம்? நாமக்கல் லாரி டிரைவர் இந்தியா முழுவதும் சுற்றி வருகிறார். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி வடநாட்டிலும் துளை போடுகிறது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு படக்கதை இருக்கிறது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஓவியரும்கூட என்பதை மறக்கக்கூடாது.

சொன்ன நாளில் வர வேண்டும்

தொடர்கதை என்பது வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. ஞாயிறு வரும் என்றால் ஞாயிறு வர வேண்டும். ஆகவே, பத்து வாரத்துக்கான படங்களை வரைந்து வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

கதை எழுதுபவர் ஒருவர், படம் வரைபவர் வேறொருவர் என்றால், யாருக்கு என்ன பங்கு என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.

வெறும் 130 டாலர்!

எல்லாவற்றையும்விட முக்கியமானது உரிமை.

அமெரிக்காவில் "சூப்பர்மேன்" வீரனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இருவர். 1938-ல் அவர்கள் உரிமையை விற்றார்கள். விலை, வெறும் 130 டாலர்! வாங்கிய நிறுவனம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. படைத்தவர்களோ வறுமையில் வாடினார்கள். 1975-ல்தான் அவர்களுக்கு ஆண்டுப் பணம் கிடைக்க வழி பிறந்தது.

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. சொந்தமாக வரைந்த படத்துக்கு, வரைந்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வரைந்தால் நிலைமை வேறு. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால், 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். ஆகவே, "எத்தனை காலம்? எவ்வளவு பணம்?" என்ற இரண்டையும் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. இணையத்தில் "சம்மதம்" என்ற பொத்தானை அமுக்குவதும் கையெழுத்து மாதிரிதான்!

பசித்தாலும் உழவன் விதைநெல்லை விற்கமாட்டான். படைப்பாளிக்கு உரிமைதான் விதைநெல். அது கையில் இருந்தால், அடுத்த விளைச்சலும் அவனுக்கே!