பிள்ளைக்கு வேண்டியதைச் சொல்வது கடையா, செவிலியரா?

பிரசவத்துக்கு முன்னால் குழந்தைக்குப் புதுச்சட்டை வாங்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்றைக்கும் எழுதாத சட்டம். பழைய பருத்திப் புடவையையும் நைந்த வேட்டியையும் கிழித்து, துவைத்து, மடித்து வைப்பதோடு ஏற்பாடு முடிந்துவிடும். புதுத்துணி, கொலுசு எல்லாம் தொட்டில் போடும் நாளில் தாய்மாமன் பாடு. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அப்படியொரு காலத்தில் முன்கூட்டி வாங்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

2020இல் தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. இங்கே நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. பயம் விலகிவிட்டது, நல்லது. ஆனால் பாட்டி விட்ட இடத்தில் கடை வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்று ஏழாம் மாதம் பிறந்ததும் செல்போனில் பட்டியல்கள் வந்து குவிகின்றன. தலையணை, கையுறை, வாசனை பவுடர், வைப்ஸ், பால் புட்டி, அதைக் கொதிக்க வைக்க ஒரு மின்கருவி, நடைவண்டி போல இருக்கும் வாக்கர். இவற்றில் பாதி வீண்செலவு, சில ஆபத்து. பவுடரையே எடுத்துக்கொள்வோம். பல தலைமுறைகள் பூசிய டால்கம் பவுடரின் விற்பனையை ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023இல் உலகம் முழுக்க நிறுத்திக்கொண்டது. புற்றுநோய் வழக்குகள் ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தப் பவுடராக இருந்தாலும் அந்த நுண்துகள் பச்சைக் குழந்தையின் மூச்சில் ஏறும் என்பதால்தான் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பவுடர் மணக்காத குழந்தையைக் குளிப்பாட்டாத குழந்தையாகப் பார்க்கும் உறவினர்களுக்கு இதைப் புரிய வைப்பது தனி வேலை. வாக்கர் விஷயத்தில் கனடா 2004இலேயே தடை போட்டுவிட்டது. பழையதை விற்பதும் அங்கே குற்றம். குழந்தைகள் அதோடு படிக்கட்டில் உருண்டு மண்டை உடைந்ததுதான் காரணம். நம் ஊரில் அது இன்னமும் பிறந்தநாள் பரிசு.

பால் புட்டியின் கதை இன்னும் விசித்திரம். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால்மாவையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரியோ பரிசோ கொடுத்து விற்பனையைத் தூண்டக் கூடாது என்று 1992ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் சொல்கிறது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் எழுதியிருக்கிறது. ஆனாலும் சீமந்தத்துக்கு வரும் பரிசுப் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுவது புட்டிதான்.

அப்படியானால் யார் பட்டியலை நம்புவது? அரசு மருத்துவமனையில் பிரசவித்தவர்களுக்குத் தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 2015இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. மதிப்பு சுமார் 1,000 ரூபாய். துண்டு, சட்டை, சின்னப் படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை என்று போனது அது. ஷாம்பு தேவையே இல்லை, பொம்மைக்கு அவசரமில்லை என்று குறை சொல்லலாம். ஆனால் அதில் பால் புட்டி இல்லை. தாய்க்குத் தனிச் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம் எல்லாம் இருந்தன. தாயை நினைவில் வைத்திருந்த பட்டியல் அது. பளபளக்கும் கடைப் பட்டியல்களில் அவளுக்கு இடமே கிடையாது.

பின்லாந்து 1938 முதல் இப்படியொரு பெட்டி கொடுக்கிறது. முதலில் ஏழைத் தாய்மாருக்கு மட்டும். 1949 முதல் எல்லோருக்கும். நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடமோ தாய்சேய் நல நிலையத்திலோ காட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. துணிமணிகளை எடுத்துவிட்டால் அந்த அட்டைப்பெட்டியே படுக்கை. ஒரு காலத்தில் உள்ளே இருந்த பால் புட்டியைத் தாய்ப்பாலுக்குத் தடையாக இருக்கும் என்று அவர்களே எடுத்துவிட்டார்கள்.

உண்மையில் வேண்டியது கொஞ்சம்தான். பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இருக்கும் பிள்ளை ஓராண்டில் 75 சென்டிமீட்டரைத் தொடும். பிறந்த குழந்தை அளவில் வாங்கும் சட்டை சில வாரங்களில் பத்தாமல் போய்விடும். முன்பக்கம் முடிச்சுப் போடும் பருத்தி ஜப்லா ஏழெட்டு, துணி நாப்கின் இரண்டு டஜன், குல்லாய், மெத்தென்ற துண்டு, கொசுவலை. இவ்வளவு போதும். இவற்றை ஒரு மாதம் முன்பே வாங்கித் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். முன்கூட்டி வாங்காதே என்ற பழைய வழக்கத்தை மீற இது ஒன்றே போதுமான காரணம்.

மிச்சப் பணம் தாய்க்குப் போகட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை. வயிற்றில் தையலோடு படுத்திருப்பவளுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, பெரிய அளவு பேட், முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் தலையணை, நடு இரவிலும் கூப்பிட்டால் வரும் ஒரு வண்டி ஆகியவை பொம்மை யானையைவிட அவசரம். எடை குறைந்து பிறந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர்கள் தொடங்கினார்கள்; பிறந்த உடனேயே அதை ஆரம்பிக்கச் சொல்லி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதற்குக் கடையில் வாங்க ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்து தாயைத் தாங்க ஆள்தான் வேண்டும்.

பார்க்க வரும் உறவுகள் ஒரு வயது அளவில் சட்டை வாங்கி வந்தால் பிள்ளை அதைப் போட்டுக்கொள்ளும். அரசுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒரு கோரிக்கை: ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் செவிலியர் கையால் ஒரு பக்கப் பட்டியல் கொடுங்கள். பவுடர், புட்டி, வாக்கர் மூன்றும் வேண்டாம் என்று அதில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள்.